வாரம் பெர்சி: ஊர் 1500-இல் காலி, கல்லறைகள் 1800-களில். அப்படியென்றால் புதைக்கப்பட்டவர்கள் யார்?

யார்க்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வட யார்க்‌ஷயரில் மால்டன் ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி, வோல்ட்ஸ் குன்றுகளுக்குள் வாரம் பெர்சி என்ற இடம் இருக்கிறது. போன வாரக் கடைசியில் நானும் மனைவியும் போனோம். காரை மேலே நிறுத்திவிட்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் இறங்கி நடந்தால், பள்ளத்தாக்கில் கூரையே இல்லாத ஒரு கல் தேவாலயம், பாதி விழுந்து பாதி நிற்கும் மணிக்கோபுரம், சுற்றிலும் புல்லுக்குள் சாய்ந்து கிடக்கும் கல்லறைக் கற்கள், கீழே ஒரு குளம். பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய வீட்டு வரிசையைத் தவிர மனிதன் இருக்கிற வீடு ஒன்றுகூட இல்லை, தார் ரோடும் கிடையாது. தகவல் பலகைகள் வைத்திருக்கிறார்கள், ஆனால் சரியாகப் படிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

என் குழப்பம் இதுதான். இடைக்காலக் கிராமம், 1500 வாக்கில் ஆளில்லாமல் போய்விட்டது என்று பலகையில் இருந்தது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் எழுத்து படிக்க முடிகிற கற்களெல்லாம் 18, 19-ஆம் நூற்றாண்டுக் கற்கள். ஊரே இல்லாத இடத்தில் முந்நூறு வருடம் கழித்து யாரைக் கொண்டுவந்து புதைத்தார்கள்? அப்புறம் தேவாலயச் சுவரில் பெரிய பெரிய வளைவுகள் கல் வைத்து அடைக்கப்பட்டிருக்கின்றன, அது ஏன்? ஊர் அழிந்தது கொள்ளைநோயில்தானே?

இன்னொன்று. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். அவரையும் ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி போகலாம் என்று நினைக்கிறேன். அம்மாவோ, "விடுமுறைக்குக் கல்லறைக்கா கூட்டிப்போவாய், குழந்தை பயப்படாதா" என்கிறார். அங்கே அவர்களுக்குக் காட்ட என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கடலோரப்பங்கு எழுதியது:

தம்பி, நான் தூத்துக்குடிப் பக்கம் கத்தோலிக்கக் குடும்பம், அதனால் உங்கள் முதல் கேள்வி எனக்கு அவ்வளவு புதிராகத் தெரியவில்லை. நம் பங்குகளில் (பங்கு என்றால் ஒரே கோயிலுக்குக் கட்டுப்பட்ட ஊர்களின் தொகுதி) பங்குக்கோயில் ஒரு ஊரில் இருக்கும், நாலைந்து கிளைக் கிராமங்கள் அதைச் சுற்றி இருக்கும், திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் எல்லாம் பங்குக்கோயில் கணக்கில் வரும், இல்லையா? வாரம் பெர்சியும் அதே கதைதான். அந்தப் பங்கில் வாரம் பெர்சி, திக்ஸன்டேல், பர்டேல், ரெய்ஸ்தார்ப், டோதார்ப் என்று ஐந்து ஊர்கள் இருந்தன. தேவாலயம் இருந்த ஊர் மட்டும் காலியானது. பங்கு காலியாகவில்லை. பங்கு என்பது மக்களோடு சேர்த்து நிலத்தையும் தசமபாகத்தையும் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கோயிலுக்கு) பொறுத்த ஏற்பாடு, கோயிலைச் சுற்றி வீடு இல்லை என்பதற்காக அதைக் கலைத்துவிட மாட்டார்கள்.

ஆகவே நீங்கள் பார்த்த கற்களில் பெரும்பாலும் திக்ஸன்டேல் போன்ற ஊர்களின் ஆட்களும் பக்கத்துப் பண்ணைகளில் இருந்தவர்களும்தான் இருப்பார்கள். திக்ஸன்டேலிலிருந்து அங்கே வர குன்றைத் தாண்டி நாலைந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஜனவரியில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தச் சேற்றில் வந்திருக்கிறார்கள், யோசித்துப் பாருங்கள். 1870-இல்தான் திக்ஸன்டேலுக்கே சொந்தமாக ஒரு தேவாலயம் வந்தது. அந்தப் பகுதிப் பெரிய நிலக்கிழார் டாட்டன் சைக்ஸ் பணம் கொடுத்தார், ஜி. இ. ஸ்ட்ரீட் வரைபடம் போட்டார், லண்டனில் பெரிய நீதிமன்றக் கட்டடத்தை வடிவமைத்த அதே ஸ்ட்ரீட். அது வந்த பிறகுதான் இந்தப் பழைய கோயிலுக்கு உண்மையில் ஆள் குறைந்தது.

கிராமம் அதைக் கொல்லவில்லை, இன்னொரு கோயில்தான் கொன்றது என்பேன்.


இரவுப்பறவை எழுதியது:

யாரும் முக்கியமான விஷயத்தைச் சொல்லவில்லையே! அந்த இடம் பேய்க் கிராமம் ப்ரோ. அந்தக் கல்லறையைத் தோண்டியபோது தலை வெட்டி, எரித்து, எலும்பை உடைத்துப் போட்ட பிணங்கள் கிடைத்தன. செத்தவர்கள் எழுந்து வந்துவிடக் கூடாது என்று ஊர்க்காரர்களே செய்தார்களாம். அந்தப் பேய்க்குப் பயந்துதான் ஊரே ஓடிவிட்டது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அம்மாவைக் கூட்டிப் போகாதீர்கள், அல்லது ராத்திரி கூட்டிப் போங்கள், செமையாக இருக்கும்.


மண்வெட்டி எழுதியது:

இரவுப்பறவை சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. முதலில் அதை முடித்துவிடுகிறேன். (தொல்லியல் படித்தவன், இப்போது வேறு வேலை. படித்தது மறக்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

வெட்டுக்காயமும் தீக்காயமும் உள்ள எலும்புகள் கிடைத்தது உண்மை. ஆனால் அவை கல்லறைத் தோட்டத்தில் கிடைக்கவில்லை. மேலே மேட்டில் வீடுகள் இருந்த பகுதியில், குழிகளில் கலந்து கிடந்தன. 137 எலும்புகள், குறைந்தது பத்துப் பேருடையவை, 11 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை பரவியவை. 1960-களில் தோண்டியெடுத்ததை ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற தொன்மைப் பாதுகாப்பு அமைப்பும் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகமும் மறுபடி ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று விளக்கங்களை எடை போட்டார்கள். பஞ்சத்தில் மனித மாமிசம் தின்றார்களா? அப்படியென்றால் வெட்டுகள் சதை எலும்போடு ஒட்டும் இடங்களிலும் மூட்டுகளிலும் அதிகம் இருக்க வேண்டும், இவற்றிலோ தலையையும் கழுத்தையும் சுற்றியே அதிகம். வெளியூர்க்காரர்களை இப்படி நடத்தினார்களா? பல்லில் உள்ள ஸ்ட்ரான்டியம் ஐசோடோப்பை (சின்ன வயதில் வளர்ந்த மண்ணின் தடம் பல்லில் இப்படித் தங்கும்) பார்த்தால் அவர்கள் அந்த வட்டாரத்திலேயே வளர்ந்தவர்கள். மிச்சம் இருப்பது, செத்தவர் எழுந்து வந்து தொல்லை தருவார் என்ற பயம். அதுதான் சான்றுகளுக்கு அதிகம் பொருந்துகிறது என்றார்கள், அதற்கு மேல் சத்தியம் செய்யவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் அதே யார்க்‌ஷயரில் வாழ்ந்த நியூபர்க் வில்லியம் என்ற வரலாற்று எழுத்தாளர் இப்படி எழுந்து நடமாடிய பிணங்களைப் பற்றி எழுதி வைத்திருப்பதால் அந்தப் பயம் அந்தக் காலத்தில் இருந்தது தெரியும். ஆனால் அதனால் ஊர் காலியானது என்பது வீடியோக்காரரின் சொந்தச் சரக்கு.

கொள்ளைநோயும் காரணம் இல்லை. 1349-இல் நோய் வந்தது, நிறையப் பேர் செத்தார்கள், ஆனால் அந்த நூற்றாண்டின் பிற்பாதியிலும் முப்பது வீடுகள் அளவுக்கு ஆட்கள் இருந்தார்கள். ஊரைக் காலி செய்தது ஆடு. நோய்க்குப் பிறகு கூலி ஏறியது, தானியத்தை விடக் கம்பளி லாபமானது, உழுது விதைக்க ஒரு ஊர் ஆட்கள் வேண்டும், ஆடு மேய்க்க ஒரு ஆளும் ஒரு நாயும் போதும். நிலம் பெர்சி குடும்பத்திடமிருந்து 15-ஆம் நூற்றாண்டில் ஹில்டன் குடும்பத்துக்கு மாறியது. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, 1500 வாக்கில் கடைசியாக மிஞ்சிய நான்கு குடும்பங்களை வெளியேற்றி வீடுகளை இடித்தார்கள். இப்படி விளைநிலத்தை மேய்ச்சலுக்கு அடைப்பது நாடு முழுக்க நடந்ததால் 1517-இல் அரசே விசாரணைக் குழு போட்டது, அந்தப் பதிவில் இந்த நான்கு வீடும் வருகிறது. நோய் வந்து எல்லோரும் செத்தார்கள் என்பது கேட்க வசதியான கதை, அதில் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. அதனாலேயே அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அடைத்த வளைவுகள் விஷயம். கடலோரப்பங்கு ஐயா சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். முதலில் அங்கே 10-ஆம் நூற்றாண்டில் மரத்தால் ஆன சிறு கோயில், அப்புறம் சின்னதாக ஒரு கல் கோயில், அப்புறம் அதை விடப் பெரிது. பங்கில் ஆள் பெருகப் பெருக நடுக்கூடத்தின் தெற்கிலும் வடக்கிலும் பக்கக் கூடங்களைச் சேர்த்தார்கள். சேர்க்கும்போது பழைய சுவரை வளைவுகளாகத் திறந்தார்கள். பின்னால் ஊர்கள் சுருங்கியபோது, அவ்வளவு பெரிய கூரையைப் பராமரிக்க ஆளும் இல்லை பணமும் இல்லை, பக்கக் கூடங்களை இடித்துவிட்டு வளைவுகளைக் கல்லால் அடைத்து ஜன்னல் வைத்தார்கள். பிறகு பீடப்பகுதியையும் குட்டையாக்கினார்கள். அந்தச் சுவர் முன்னால் நின்றால் பங்கின் மக்கள்தொகைப் பதிவேட்டையே படித்துவிடலாம், அவ்வளவு தெளிவாக இருக்கும்.

கோபுரம் 1959-இல் புயலில் சரிந்தது. கடைசி வழிபாடு அதற்குப் பத்து வருடம் முன்பு, 1949-இல். கட்டடம் பாழானதில் எனக்கு முழு வருத்தம் கிடையாது, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வழிபாடு நடக்கிற கோயிலில் தரையை முழுக்கப் பெயர்த்து அடிவரை தோண்ட யார் விடுவார்கள்? இது கைவிடப்பட்டதால்தான் 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் உள்ளே முழுதாகத் தோண்டினார்கள், அந்த மரக்கோயிலின் தடம் வரை கிடைத்தது. இங்கிலாந்தின் கிராமத் தேவாலயங்களில் இப்படி முழுதாக ஆராயப்பட்டவை மிகக் குறைவு.


யார்க்வாசி எழுதியது:

மண்வெட்டி சார், கடலோரப்பங்கு அண்ணா, இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. ஐந்து ஊர்ப் பங்கு என்றதும் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டது.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. உள்ளே தோண்டினார்கள் என்கிறீர்கள். வெளியே கல்லறைத் தோட்டத்தையும் தோண்டினார்களா? ஞானஸ்நானம் வாங்கி, நம்பிக்கையோடு அங்கே படுக்க வைக்கப்பட்ட மனிதர்கள் இல்லையா? அதில் என்ன அப்படித் தெரிந்துகொண்டார்கள்?


மண்வெட்டி எழுதியது:

தோண்டினார்கள். 10-ஆம் நூற்றாண்டிலிருந்து 19-ஆம் நூற்றாண்டு வரையிலான ஏறக்குறைய 700 எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். முழுத் தோட்டத்தையும் இல்லை, ஒரு பகுதியைத்தான். நீங்கள் பார்த்த கற்கள் நிற்கிற இடம் அப்படியே இருக்கிறது. உறுத்தல் நியாயமானதுதான், இன்றைக்கு என்றால் இவ்வளவு எளிதாகச் செய்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் கிடைத்ததைக் கேளுங்கள்.

இடைக்கால இங்கிலாந்தில் கிராமத்துக் குடியானவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி வரிக்கணக்கும் நீதிமன்ற அபராதமும்தான். யார் எவ்வளவு கட்டினான், யார் ஆடு யார் வயலில் மேய்ந்தது. அந்த மனிதர் எப்படி இருந்தார், எதனால் செத்தார் என்று எழுதி வைத்தது மிகக் குறைவு. இந்தத் தோட்டத்தில்தான் ஒரே கிராமப் பங்கின் மக்கள், பல நூற்றாண்டு, ஒரே இடத்தில் கிடைத்தார்கள். சைமன் மேஸ் என்ற எலும்பியல் அறிஞர் இவர்களை வைத்துப் பல வருடம் வேலை செய்திருக்கிறார்.

குழந்தைகளின் எலும்பிலுள்ள நைட்ரஜன் ஐசோடோப்பை (தாய்ப்பால் குடித்த தடம் அதில் தங்கும்) பார்த்து, தாய்ப்பால் சுமார் ஒன்றரை வயது வரை கொடுத்தார்கள் என்று கண்டார்கள். அது வரை வளர்ச்சி நன்றாக இருக்கிறது, பாலை நிறுத்தியதும் தடுமாறுகிறது. பத்து வயதுப் பிள்ளைகள் இன்றைய பத்து வயதுப் பிள்ளைகளை விட மிகக் குட்டை. ஆனால் வளர்ச்சி நின்றுவிடவில்லை, மெதுவாக நீண்டகாலம் வளர்ந்து பெரியவர்களானபோது வித்தியாசம் அவ்வளவு இல்லை. காசநோய் இருந்திருக்கிறது. அப்புறம் எனக்கு மிகவும் பிடித்தவர் ஒருவர், நாற்பது வயது மதிக்கத்தக்க குடியானவர், 10 அல்லது 11-ஆம் நூற்றாண்டு. தலையில் பலமான அடி, மண்டையோடு உள்ளே அமுங்கியிருக்கிறது. யாரோ ஒருவர் தோலை விலக்கி, எலும்பைச் சுரண்டித் துளையிட்டு, உடைந்த சில்லுகளை எடுத்து அழுத்தத்தைக் குறைத்திருக்கிறார். ஓரங்கள் ஆறியிருப்பதைப் பார்த்தால் அவர் பிழைத்து ரொம்ப நாள் இருந்திருக்கிறார். இப்படிப்பட்ட வைத்தியம் பணக்காரருக்குத்தான் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், ஒரு மலைப்பள்ளத்தாக்கு விவசாயி!

இன்னொன்று, நீங்கள் யார்க்கில் இருப்பதால் சொல்கிறேன். இந்தத் தோட்டத்தில் பெண்களை விட ஆண்கள் கணிசமாக அதிகம். யார்க் நகரத்துக் கல்லறைகளில் தலைகீழ், பெண்கள் அதிகம். கிராமத்துப் பெண்கள் வீட்டுவேலைக்கும் கைத்தொழிலுக்கும் நகரத்துக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டார்கள் என்பது விளக்கம். ஆக வாரம் பெர்சியின் பெண்களில் ஒரு பகுதியினர் உங்கள் தெருவுக்குப் பக்கத்தில்தான் எங்கோ கிடக்கிறார்கள்.


இரவுப்பறவை எழுதியது:

சரி சரி, பேய் கான்சல். ஆனால் மெட்டல் டிடெக்டர் கொண்டுபோனால் நாணயம் ஏதாவது மாட்டுமா? சும்மா கேட்கிறேன்.


மண்வெட்டி எழுதியது:

சும்மாகூட வேண்டாம். அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவிடம், அனுமதி இல்லாமல் டிடெக்டர் ஓட்டுவதே குற்றம், எதையாவது எடுப்பது அதற்கு மேல். கூடவே ஒரு தகவல்: அங்கே 1950 முதல் 1990 வரை நாற்பது கோடைகள் தோண்டியிருக்கிறார்கள், மாரிஸ் பெரஸ்ஃபோர்ட் என்ற பொருளாதார வரலாற்று ஆசிரியரும் ஜான் ஹர்ஸ்ட் என்ற தொல்லியலாளரும் நடத்தியது, கோடைதோறும் தன்னார்வலர்கள் வந்து தங்கி வேலை செய்தார்கள். யார்க்வாசி பார்த்த அந்தப் பூட்டிய வீட்டு வரிசை அவர்களுடைய முகாம்தான். அது இடைக்கால வீடு இல்லை, பிற்காலப் பண்ணையின் மிச்சம். அப்படித் தேடியும் பெரும்பாலும் உடைந்த பானையும் ஆட்டெலும்பும்தான். ஏழைகள் ஊர், தம்பி.


நிலாமதி எழுதியது:

நான் ஹல் நகரத்தில் இருக்கிறேன், யாழ்ப்பாணம் சொந்த இடம். வோல்ட்ஸ் பக்கம் அடிக்கடி நடக்கப் போவோம், அதனால் வரலாற்றை விட்டுவிட்டு வழியைச் சொல்கிறேன், அதைத்தான் ஒருவரும் சொல்லவில்லை.

நுழைவுக்குக் காசு இல்லை. ஆனால் கழிப்பறையும் இல்லை, கடையும் இல்லை, மால்டனிலேயே எல்லாத்தையும் முடித்துப்போட்டு வாருங்கள். பெல்லா ஃபார்ம் பக்கத்துக் கார் பார்க்கில் இருந்து இறங்கும் பாதை மழைக்குப் பிறகு சரியான வழுக்கல், குழந்தை வண்டி சரிவராது. அம்மாவுக்கு முழங்கால் நோ இருந்தால் யோசியுங்கள், இறங்குவது பரவாயில்லை, திரும்பி ஏறுவதுதான் கஷ்டம். மாடுகள் மேயும், கன்றோடு நின்றால் சுற்றிப் போங்கள், மகளின் கையை விட வேண்டாம்.

ஆக்கள் எல்லாம் கோயிலைப் பார்த்து நாலு படம் எடுத்துப்போட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது வீண். கோயிலுக்கு மேலே மேட்டில் ஏறுங்கள், ஊர் இருந்தது அங்கேதான். முதலில் வெறும் புல்வெளி மாதிரித்தான் தெரியும், பிறகு கண் பழகினதும் மேடு பள்ளம் எல்லாம் வீட்டுச் சுவர், வளவு, தெரு என்று பிடிபடும். நடு மத்தியானம் போனால் ஒன்றும் தெரியாது. வெயில் சாய்ந்திருக்கிற நேரம், குளிர்கால வெயில் என்றால் இன்னும் நல்லம், நிழல் விழுந்து வீடு வீடாக எழும்பி நிற்கும். எங்கட பிள்ளைகள் ஒவ்வொரு வளவாக ஓடி "இது என்ர வீடு, இது உன்ர வீடு" என்று பிரித்துக்கொண்டார்கள், உங்கட மகளுக்கும் அதுவே போதும், பயப்பட நேரம் இராது.

கல்லறைக் கற்களில் சாய்ந்து நிற்பதோ ஏறுவதோ வேண்டாம், சிலது அடியில் ஆடுகிறது. எழுத்துத் தெரிவதற்காகச் சாக்குக்கட்டி பூசுவதும் கூடாது, கல் உரிந்துபோகும். கைபேசி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து வடிவாகத் தெரியும்.

முடிந்தால் அன்றைக்கே திக்ஸன்டேலுக்கும் போங்கள், காரில் கிட்டத்தான். கடலோரப்பங்கு அண்ணா சொன்ன அந்த 1870 கோயில் அங்கே இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் அந்தச் சனம் ஏன் பழையதை விட்டார்கள் என்று விளங்கும்.


கடலோரப்பங்கு எழுதியது:

நிலாமதி தங்கச்சி சொன்னதோடு ஒன்று. தம்பி, அம்மாவிடம் "கல்லறை" என்று சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள், "கோயிலும் குளமும்" என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை. கோயிலுக்குக் கீழே இருக்கிறதே, அந்தக் குளம் அந்தக் காலத்தில் மில் ஓட்டவும் பிறகு மீன் வளர்க்கவும் அணை கட்டித் தேக்கியது, தோண்டி ஆராய்ந்த பிறகு திரும்ப நிரப்பி வைத்திருக்கிறார்கள். ஊற்றுத் தண்ணீர்தான் வருகிறது. அங்கே உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடலாம்.


யார்க்வாசி எழுதியது:

கோயிலும் குளமும் வேலை செய்துவிட்டது, அம்மா புளியோதரைக்கு அரிசி எடுத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை மழை இல்லை என்கிறார்கள், நிலாமதி அக்கா சொன்னபடி மூன்று மணிக்கு மேல்தான் இறங்கப் போகிறோம். மண்வெட்டி சார், கடைசியாக ஒன்று: வளைவுகள் அடைத்த சுவர் எந்தப் பக்கம் நன்றாகத் தெரியும்?


மண்வெட்டி எழுதியது:

தெற்குப் பக்கம். வெளியே புல்லில் நின்று பாருங்கள், சாயங்கால வெயிலும் அந்தப் பக்கம்தான் விழும். அப்படியே உள்ளே போய் அதே சுவரை மறுபக்கமிருந்தும் பார்த்துவிடுங்கள்.